கலர்ப் பெட்டி வாங்கும் முன்...

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் எல்லோரும் ரோபோ, மின்சாரக் கார், சூரிய சக்தி என்று தலைப்பு எடுத்துக்கொண்டார்கள். நான் கிரையான் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் அக்கா பிள்ளையோ, அண்ணன் பிள்ளையோ, பக்கத்து வீட்டு வாண்டோ ஒன்று உண்டு. பிறந்தநாள் என்றால் கையில் இருக்கும் இருநூறு ரூபாய்க்கு ஏதோ ஒன்று வாங்கிக்கொண்டு போகிறோம். பெரும்பாலும் கலர்ப் பெட்டிதான். அந்த இருநூறு ரூபாய்க்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. ஏமாந்த பிறகுதான் பார்த்தேன்.

என் அக்காவை சாத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அக்கா மகள் போன வருடம் இரண்டாம் வகுப்பு. அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, சீர் எல்லாம் அப்பா கடன் வாங்கிச் செய்தது. அதனால் என் சொந்தக் காசில் அவளுக்கு ஒரு பொருள் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போன வருடம் லீவில் ஒரு லேத் பட்டறையில் இருபது நாள் வேலை பார்த்தேன். கூலி வந்ததும் முதல் வேலையாக ஊர்த் திருவிழாக் கடையில் ஒரு கலர்ப் பெட்டி வாங்கினேன். சூட்கேஸ் மாதிரிப் பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் மூன்று அடுக்கு. கிரையான், கலர் பென்சில், ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலர் வில்லை, பிரஷ், ரப்பர், ஸ்கேல் எல்லாம் சேர்த்து 68 உருப்படி. பேரம் பேசி 220 ரூபாய்.

பெட்டியைப் பார்த்ததும் பிள்ளை குதித்த குதியைச் சொல்லி முடியாது. தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். பத்து நாள் கழித்து அக்கா போனில், "டேய், அவ அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேங்கிறாடா" என்றாள். அடுத்த ஞாயிறு போனேன். ஒரு டிராயிங் நோட்டில் சூரியன் வரைந்து மஞ்சள் தேய்த்திருக்கிறாள். மஞ்சள் ஏறவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்ததில் தாள் கிழிந்திருக்கிறது. "ஏன் பாப்பா கலர் அடிக்கலை?" என்று கேட்டேன். "எனக்குக் கலர் அடிக்க வராது மாமா. மிஸ்ஸும் பிரெஸ் பண்ணி அடின்னு சொன்னாங்க. எனக்கு வரலை" என்றாள்.

நான் அதே மஞ்சளை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். எனக்கும் ஏறவில்லை. மெழுகுவர்த்தியைத் தேய்த்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

குற்றம் கிரையானுடையது. ஏழு வயதுப் பிள்ளை அதைத் தன் கையின் குற்றம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். எனக்கு அது சுருக்கென்று பட்டதற்குக் காரணம் உண்டு. நானும் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை "எனக்கு டிராயிங் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான். என் கிரையான் எல்லாம் யாரோ கொடுத்த உடைந்த துண்டுகள். இங்கே முதலாண்டு டிராயிங் ஹாலில் ஏ2 ஷீட், மினி டிராஃப்டர், 2எச் பென்சில் வைத்துக் கோடு போட்டபோது கோடு நேராக வந்ததே, அன்றைக்கு எனக்கே நம்ப முடியவில்லை. என் கை அதே கைதான். பென்சிலும் தாளும் மாறியிருந்தன.

பிறகு அந்தப் பெட்டியை அக்காவிடம் கேட்டு வாங்கிவந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நம் மெட்ராலஜி லேபில் சார் அடிக்கடி சொல்வார்: "உருப்படி நல்லா இருக்குன்னு சொல்லாதே. எந்த அளவுக்கு, எதை வச்சுப் பார்த்தேன்னு சொல்லு." அந்த முறையில் பார்த்ததுதான் கீழே வருவது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 220 ரூபாயை 68-ஆல் வகுத்தால் ஓர் உருப்படிக்கு மூன்றேகால் ரூபாய்கூட முழுசாக வரவில்லை. அதில் பெட்டிக்கான பிளாஸ்டிக், லாரி வாடகை, கடைக்காரர் லாபம் போக மிச்சம் எவ்வளவு? கிரையானில் விலை கூடிய சரக்கு நிறமிதான். மெழுகும் மாவுக்கல் பொடியும் மலிவு. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் எதில் கை வைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எண்ணிக்கை கூடக் கூடச் சந்தேகமும் கூட வேண்டும். அதே காசுக்கு 12 நல்ல உருப்படி கிடைக்கும்.

பென்சில்

"லெட்" "லெட்" என்கிறோமே, அதில் லெட், அதாவது ஈயம், கிடையவே கிடையாது. கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சூளையில் சுட்டது. 1795-ல் பிரான்ஸில் நிக்கோலா ழாக் கோன்டே என்பவர் கண்ட வழி. களிமண் கூடினால் எச் பக்கம் போகும், கெட்டியாகும். கிராஃபைட் கூடினால் பி பக்கம் போகும், மெதுவாகவும் கறுப்பாகவும் இருக்கும். நம் டிராயிங் ஹால் பழக்கத்தில் பிள்ளைக்கும் 2எச் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அழுத்தினால் தாளைக் கீறும். சின்னப் பிள்ளைக்கு எச்.பி. அல்லது 2பி போதும். கலர் பென்சிலின் உள் குச்சி சூளையில் சுடுவதில்லை. நிறமியை மெழுகும் பிசினும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் அது சட்டென்று ஒடிகிறது.

கடையில் பென்சிலைத் திருப்பி, சீவாத முனையைப் பாருங்கள். நடுவில் இருக்கும் புள்ளி மிகச் சரியாக நடுவில் இருக்கிறதா? பென்சில் என்பது பள்ளம் வெட்டிய இரண்டு மரப்பட்டைகளுக்கு நடுவில் குச்சியை வைத்து ஒட்டி, பிறகு அறுத்து எடுப்பது. பட்டை விலகினால் குச்சியும் விலகும். அப்படி விலகியதைச் சீவினால் ஒரு பக்கம் குச்சி தெரியும், மறுபக்கம் மரம் நுனி வரைக்கும் ஏறிக்கொண்டு வரும். ஃபோர் ஜா சக்கில் சென்டர் பார்க்காமல் மாட்டிய வேலை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதே கதைதான். என் பெட்டியில் இருந்த 12 கலர் பென்சிலில் 7 சென்டரில் இல்லை.

பென்சில் ஒடிகிறது என்றால் எப்படி ஒடிகிறது என்று பாருங்கள். சீவிய இடத்தில் மரம் பிய்ந்து நார் நாராக இருந்தால் அது ஷார்ப்னர் பிளேடின் மொன்னை, பென்சில் மேல் பழி போடக் கூடாது. குச்சி மட்டும் தனியாக உருவிக்கொண்டு வந்தால் ஒட்டு சரியில்லை. சீவச் சீவத் துண்டு துண்டாக விழுந்தால் உள்ளேயே ஒடிந்திருக்கிறது. கீழே போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் வரும் வழியிலேயே மூட்டையை வீசியிருப்பார்கள். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை ஷார்ப்னரில்தான். நல்ல பென்சில் வாங்கிவிட்டு இரண்டு ரூபாய் ஷார்ப்னரைக் கூட வைத்துக் கொடுப்பது, நல்ல ராடைத் துருப்பிடித்த பிளேடால் அறுக்கிற மாதிரி.

நடராஜ், அப்சரா இரண்டும் ஒரே கம்பெனி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1958-ல் தொடங்கிய இந்துஸ்தான் பென்சில்ஸ். கேமலின் 1931-லிருந்து இருக்கிறது. இவை எல்லாம் ஊர்க் கடையிலேயே கிடைக்கின்றன. இவற்றின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அட்டையை அப்படியே காப்பி அடித்து வருபவை திருவிழாக் கடைகளில் உண்டு. எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வீட்டுக்குள் முதலில் படித்தவர்கள் நாம்தானே, அதையும் நாம்தான் செய்ய வேண்டும்.

கிரையானும் பாஸ்டலும்

கிரையான் என்றால் பாரஃபின் மெழுகு, நிறமி, கொஞ்சம் நிரப்புப் பொடி. சோதிப்பது சுலபம். ஒரு தாளில் பால்பாயின்ட் பேனாவால் நான்கு கோடு போட்டு, அதன்மேல் கிரையானைச் சாதாரண அழுத்தத்தில் மூன்று முறை தேய்க்க வேண்டும். நிறம் திட்டுத் திட்டாக இல்லாமல் ஏறினால் பரவாயில்லை. கோடு அப்படியே பளிச்சென்று தெரிந்து, தாள் மட்டும் பளபளத்தால் அது வெறும் மெழுகு. மெழுகு ஏறிய தாளில் வேறு நிறமும் ஒட்டாது. முதல் தேய்ப்பிலேயே அந்த இடம் பாழ். மஞ்சளையும் வெள்ளையையும் வைத்துச் சோதியுங்கள். கறுப்பும் நீலமும் எந்தக் கழிசடைப் பெட்டியிலும் தெரியத்தான் செய்யும்.

ஆயில் பாஸ்டல் வேறு. ஜப்பானில் சகுரா என்ற நிறுவனம் 1920-களில் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே கொண்டுவந்தது. மெழுகோடு காயாத எண்ணெயும் சேர்ந்திருப்பதால் மெதுவாக இருக்கும், லேசாகத் தொட்டாலே நிறம் ஏறும், ஒன்றின்மேல் ஒன்று கலக்கவும் செய்யும். கையில் அப்பும், சட்டையில் அப்பும், சுவரிலும் அப்பும். அம்மாக்கள் திட்டுவார்கள். ஆனாலும் அழுத்த முடியாத சின்னக் கைக்கு இதுதான் நல்லது என்பது என் முடிவு. நான்கு வயதுக்குக் கீழே என்றால் கட்டை விரல் தடிமனுள்ள ஜம்போ கிரையான் கொடுக்கலாம். அந்த வயதில் விரலால் பிடிக்க வராது, முழுக் கையால்தான் பிடிப்பார்கள்.

இன்னொரு விஷயம். என் பெட்டியில் ஒரு கிரையானில் 'ஸ்கின்' என்று போட்டிருந்தது. வெளிறிய ரோஸ் நிறம். அக்கா மகள் அதைத் தன் கைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, ஸ்கின்னுன்னு போட்டிருக்கு, என் கலர் இல்லையே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்தேன். அமெரிக்காவில் 1903-லிருந்து வரும் கிரையோலா பெட்டியிலும் இப்படி 'சதை' என்ற பெயரில் ஒரு நிறம் இருந்து, 1962-ல் அதைப் 'பீச்' பழத்தின் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் 'ஸ்கின்' ஓடுகிறது. வாங்கும்போது பெட்டியில் பிரவுன் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் வரையும் அப்பா, அம்மா, ஆச்சி எல்லோருக்கும் அந்தக் குச்சிதான் வேண்டும். ஆறு நிறப் பெட்டிகள் சிலவற்றில் அது இருப்பதில்லை.

தாள்: அம்மா நடத்திய பாடம்

என் அம்மா சிவகாசியில் ஒரு நோட்டு பைண்டிங் ஆபீசில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. கிழிந்த அந்த டிராயிங் நோட்டை அம்மாவிடம் காட்டினேன். இரண்டு விரலால் ஒரு தாளைப் பிடித்துத் தேய்த்துவிட்டு, "இது ரூல்டு நோட்டுக்குப் போடுற தாளுடா. கோடு போடலை, அவ்வளவுதான். அறுபதுதான் இருக்கும்" என்றார்கள்.

அறுபது என்றால் 60 ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். நானும் விடவில்லை. அட்டையைக் கழற்றிவிட்டு 20 தாளையும் மளிகைக் கடை அண்ணாச்சியின் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 74 கிராம். ஒரு தாள் 28 செ.மீ.க்கு 22 செ.மீ., அதாவது 616 சதுர செ.மீ. இருபது தாளுக்கு 1.232 சதுர மீட்டர். 74-ஐ 1.232-ஆல் வகுத்தால் 60. அம்மா விரலில் சொன்னதும் தராசு சொன்னதும் ஒன்று!

நமக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஏ0 ஷீட்டின் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று முதலாண்டில் படித்தோமே, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 16 ஏ4 தாளை எடை போட்டால் எத்தனை கிராம் வருகிறதோ அதுதான் ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள் 16 வைத்தால் 70, 75, 80 என்று வரும். வாட்டர் கலருக்கென்றே வரும் தாள் 300 ஜி.எஸ்.எம். அது பிள்ளைகளுக்கு வேண்டாம், விலை தாங்காது. கிரையான், பாஸ்டலுக்கு 100-லிருந்து 120 போதும். வாட்டர் கலர் கொடுப்பதானால் 180-க்குக் குறையாமல் வாங்க வேண்டும். 60 ஜி.எஸ்.எம். தாளில் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி நெளியும், இரண்டாம் முறை பிரஷ் போனால் பொத்துக்கொள்ளும்.

'ஆர்ட் பேப்பர்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அச்சடிக்கிற வழவழப்புத் தாள். மேலே வெள்ளைப் பூச்சு பூசியிருக்கும், கிரையான் அதில் பிடிக்காது. தாளில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் குச்சியிலிருந்து நிறத்தைச் சுரண்டி எடுக்கும். பிரஸ்காரர்கள் மேப்லித்தோ என்று சொல்கிற பூச்சில்லாத தாள்தான் நமக்கு வேண்டியது. அட்டையில் 'டிராயிங்' என்று போட்டிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அம்மா இன்னொன்றும் காட்டினார்கள். தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. மெஷினில் ஓடும்போது நார் எல்லாம் ஒரே திசையில் படிந்துவிடுகிறது. அந்தத் திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். ஒரு துண்டை ஒரு பக்கம் மட்டும் ஈரக் கையால் தடவினால் குழாய் மாதிரிச் சுருளும், குழாய் நீளும் திசைதான் நார் ஓடும் திசை. வாழ்த்து அட்டை, பெட்டி, காகிதப் பூ செய்யும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் மடிப்பு வெடிக்காமல் வரும். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் புகளூர் டி.என்.பி.எல். ஆலை பற்றி நாம் படித்திருக்கிறோம். கையிலிருக்கும் தாளைக் கிழித்துப் பார்க்க எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை.

பரிசு வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்வது, காசு குறைவாக இருந்தால் முதலில் தாள் வாங்குங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாப் பொருள்களோடு கிரையானும் கலர் பென்சிலும் கிடைக்கின்றன. வீட்டில் ஒரு மூலையில் அவை கிடக்கும். அவற்றைத் தேய்க்கத் தாள்தான் இருக்காது. ஹோம்வொர்க் நோட்டில் வரைந்தால் அடி விழும்.

வாட்டர் கலர், பிரஷ், ஸ்கெட்ச் பேனா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்டர் கலர் வில்லையில் நிறமியைப் பிடித்து வைப்பது ஒரு வேல மரத்தின் பிசின். ஆப்பிரிக்காவில் சூடான் பக்கம் இருந்துதான் அதிகம் வருகிறது. ஈரப் பிரஷை வில்லையில் நாலு சுற்றுச் சுற்றினால் நிறம் வர வேண்டும். காய்ந்த பிறகு விரலால் தேய்த்துப் பொடி ஒட்டினால் பிசின் போதவில்லை. பிரஷைத் தண்ணீரில் முக்கி ஓர் உதறு உதறினால் மயிர் எல்லாம் சேர்ந்து கூர்முனையாக நிற்க வேண்டும். துடைப்பம் மாதிரி விரிந்து நின்றால் வேண்டாம். தகரப் பூணைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கட்டையில் ஆடக் கூடாது. 2, 6, 10 என்று மூன்று நம்பர் போதும், 12 பிரஷ் செட் தேவையில்லை.

ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது சாயம், நிறமி அல்ல. வெயிலில் வெளிறும். ஒரு தாளில் அடித்துப் பாதியை அட்டையால் மூடி, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு வாரம் வைத்தேன். மூடாத பாதியில் ரோஸ் காணாமல் போய்விட்டது. மூடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அழகுக்கு விட்டதல்ல. பிள்ளை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சுப் போக வழி இருக்க வேண்டும் என்பதற்காக. இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 11540 என்று தனித் தரநிலை இருக்கிறது.

கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும். வெட்டும் விளிம்பு மழுங்கியதாக இருக்கக் கூடாது, அதுதான் ஆபத்து. பிள்ளை முழு பலத்தோடு அமுக்கும், வழுக்கும். இடதுகைப் பிள்ளை என்றால் இடதுகைக் கத்தரி தேடுங்கள். சாதாரணக் கத்தரியை வலது கையில் பிடித்தால் கட்டை விரலின் தள்ளு இரண்டு அலகையும் ஒன்றோடொன்று அழுத்தும். இடது கையில் பிடித்தால் அதே தள்ளு அலகுகளை விலக்கிவிடும். ஷியரிங்கில் கிளியரன்ஸ் கூடினால் தகடு வெட்டுப்படாமல் மடிகிறதே, அதேதான் காகிதத்துக்கும். அந்தப் பிள்ளையை "வலது கையால வெட்டு" என்று அடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஷமும் விழுங்கலும்

என் பெட்டியின் அட்டையில் 'நான் டாக்ஸிக்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. யார் சோதித்தார்கள், எந்தத் தரநிலைப்படி, தயாரித்தவர் முகவரி என்ன, ஒன்றும் இல்லை. அச்சடிக்க யாராலும் முடியும். அதை சிவகாசிக்காரனுக்குச் சொல்லவா வேண்டும்!

மலிவான பளிச்சென்ற மஞ்சளுக்கு லெட் குரோமேட் என்ற நிறமி உண்டு. பென்சிலில் இல்லாத ஈயம் இதில் இருக்கிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை கிரையானைக் கடிக்கும், பிரஷை வாயில் வைக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்ற ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கான தரநிலை ஐ.எஸ். 9873. ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் முதலியவை எவ்வளவு கரைந்து வெளியே வரலாம் என்பதற்கு அதில் தனிப் பகுதி உண்டு. விரலால் பூசும் பெயின்டுக்கும் தனிப் பகுதி உண்டு. கலர் மாவு, விளையாட்டு செட் வாங்கும்போது அந்த முத்திரையையும் அதன்கீழ் எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கில் ஈ.என். 71 என்றோ, ஏ.பி. என்ற வட்ட முத்திரையோ இருக்கும். டப்பாவைத் திறந்தவுடன் பெட்ரோல், தின்னர் வாடை அடித்தால் எந்த முத்திரை இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மணி, பொத்தான், ஆடும் கண், தெர்மோகோல் உருண்டை கூடவே கூடாது. இதற்கு ஒரு கேஜ் இருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். நம் கோ, நோ-கோ கேஜ் மாதிரிதான். 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள ஓர் உருளை, அடி சாய்வாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மி.மீ. அமுக்காமல் எந்தப் பக்கம் திருப்பியாவது ஒரு துண்டு அதற்குள் முழுசாக அடங்கிவிட்டால் அது பிள்ளையின் தொண்டையிலும் அடங்கும், மூன்று வயதுக்குள் கொடுக்கக் கூடாது. லேப் லேத்தில் சாரிடம் அனுமதி வாங்கி ஒரு மிச்சத் துண்டில் கடைந்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் வந்து பார்க்கலாம். என் 68 உருப்படியில் 19 உள்ளே போயின.

இந்த வருடம்

இந்த வருடமும் 220 ரூபாய்தான் ஒதுக்கினேன், கணக்குப் பார்க்க வசதி. 12 நிற ஆயில் பாஸ்டல் ஒரு பெட்டி 60. 2பி பென்சில் இரண்டு 16. ஷார்ப்னர் 10, ரப்பர் 5. தாளுக்கு அம்மா வழி சொன்னார்கள். பிரஸ்களில் வெட்டி மிச்சமான தாளை எடைக்குப் போடுவார்கள். 120 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ ஒரு கிலோ 90 ரூபாய்க்கு அம்மாவே பார்த்துப் பொறுக்கி வாங்கி, கட்டிங் மெஷினில் 7 அங்குலத்துக்கு 10 அங்குலமாக வெட்டிக் கொண்டுவந்தார்கள். 180 தாளுக்கு மேல் இருந்தது. மொத்தம் 181 ரூபாய். மிச்சத்தில் சாத்தூருக்கு பஸ் டிக்கெட்.

சூட்கேஸ் பெட்டி இல்லை என்று முதலில் பிள்ளை முகம் கொஞ்சம் சுண்டித்தான் போனது. அதை மறைக்க விரும்பவில்லை. அக்காவும், "என்னடா, வெறும் தாளைக் கட்டிக் கொண்டாந்திருக்கே?" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்து மஞ்சளை எடுத்து ஒரு வட்டம் தேய்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பதினோரு தாள் முடிந்திருந்தது.

போன வாரம் அக்கா வந்தபோது ஒரு படம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எங்கள் அம்மா தரையில் உட்கார்ந்து நோட்டு அடுக்குகிற படம். ஆச்சியின் கைக்குப் பிரவுனையும் ஆரஞ்சையும் கலந்து தேய்த்திருக்கிறாள். கைமட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. அம்மா அதை மேஸ்திரியிடம் காட்டுவதற்காக வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். பெட்டியில் பிரவுன் பாதி தேய்ந்துவிட்டதாம். ஒற்றைக் குச்சியாக உதிரியில் கிடைக்குமா என்று டவுனில் இரண்டு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.